மடியில் ஒரு மாவுப் பை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், எழுந்ததும் படுத்ததும் எனக்கு அதுதான் நினைப்பு. இங்கே நான் நலம். அப்பாவும் நலம் என்று சேர்த்து எழுதத்தான் கை போகிறது, பழக்கதோஷம், ஆனால் அந்தப் பொய்யை எழுத இன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு இதென்ன புதுசாகக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் பேசினால் நான் நாலு வார்த்தை சொல்வதற்குள் நீ மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிடுவாய், நீ அழுதால் என் கோபம் கரைந்துவிடும், கடைசியில் நான்தான் உன்னைச் சமாதானம் செய்துவிட்டுப் போனை வைக்க வேண்டும், எத்தனை தடவை பார்த்தாயிற்று. இந்தக் கோபம் கரையக்கூடாது. அதனால்தான் எழுதுகிறேன். பாதியில் மடித்து வைக்காமல் முழுசாகப் படி.

முதலில் வீட்டு விஷயம், இல்லாவிட்டால் அதையும் சொல்லவில்லை என்று குறைப்படுவாய். சித்திக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் மாடிப்படி ஏறக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், அதைச் சாக்காக வைத்துக்கொண்டு மாடி கூட்டுவதை விட்டுவிட்டாள். நம்ம பேக்கரி அடுப்பின் கதவு சரியாக மூடாமல் இழுபறியாக இருந்தது, மெக்கானிக் வந்து சரிசெய்துவிட்டுப் போனார், இப்போது பன் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சிவக்கிறது. பக்கத்துக் கடைத் தையல்காரம்மா உன்னை விசாரித்தாள். பேரனுக்குச் சட்டை தைத்து வைத்திருக்கிறாள், நீங்கள் வருகிற நேரத்துக்கு அளவு சரியாக இருக்க வேண்டும் என்று கொஞ்சம் பெரிதாகவே தைத்திருக்கிறாளாம். அவளிடம் நீங்கள் வரவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்கி பீரோவில் வைத்துவிட்டேன். போதுமா வீட்டு விஷயம்?

இப்போது கேட்கிறேன். எதற்கடி டிக்கெட்டை ரத்து செய்தாய்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? அப்பாவிடம் நேராகப் போன் போட்டு, இந்த வருஷம் வரலப்பா, நீங்க டென்ஷன் ஆகாம நிம்மதியா இருங்க என்று சொல்லியிருக்கிறாய். அவர் போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து, பாப்பா வரல என்று மட்டும் சொன்னார். நான் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டபோது, அப்பா நிம்மதிக்காகத்தாம்மா என்றாய். நிம்மதியாம். உனக்குக் குழந்தை பிறந்ததும் ஞானம் பிறந்துவிட்டது போல. அந்த மனிதருடன் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவள் நான், அவருக்கு எது நிம்மதி என்று எனக்குத் தெரியாதா?

அப்பா நோய் உனக்குத் தெரியாததல்ல. ஆனால் நீ போனில் கேட்டாய், நான் கண்ணால் பார்த்தேன், அதனால் தெரிந்த கதையையே மறுபடி சொல்கிறேன், பொறுத்துக்கொள். பேக்கரிப் பின்கட்டில் ஒரு நாள் பல்பு உடைந்து விழுந்தது. மாவிலிருந்து எவ்வளவோ தள்ளி விழுந்தது, ஒரு சில்லு விடாமல் கூட்டி எடுத்தோம், சித்தப்பா அன்றைக்கே அதை மறந்துபோனார். அப்பாவால் மறக்க முடியவில்லை. மாவைச் சலித்தார், சலித்ததைச் சலித்தார். ரொட்டியில் சில்லு இருந்து ஏதாவது குழந்தை விழுங்கிவிட்டால் என்ன செய்வது என்றார். பிறகு சில்லு போய்க் கிருமி வந்தது. கை கழுவிக் கழுவித் தோல் வெடித்தது, வெடிப்பில் ரத்தம் வந்தது, அந்த ரத்தம் மாவில் பட்டிருக்குமோ என்று திரும்பவும் கழுவினார். பிறகு எண்ணிக்கை வந்தது. தட்டை அடுப்பிலிருந்து எடுக்கும் முன் மேஜையை நாலு நாலாகத் தட்ட வேண்டும், நடுவில் யாராவது கூப்பிட்டுவிட்டால் முதலிலிருந்து தட்ட வேண்டும். நான் கல்லாவில் உட்கார்ந்து வேண்டுமென்றே யாரையும் பேசவிடாமல் கையைக் காட்டிக்கொண்டிருப்பேன், அப்படியும் ஒரு பள்ளிக்கூடத்து பன் மொத்தமும் கரிக்கட்டையாகப் போனது. கடைசியாக வந்ததுதான் கொடுமை. ரொட்டி வெட்டும் கத்தி கையில் இருக்கும்போது எதிரே நிற்கிறவரைக் குத்திவிடுவேனோ என்று ஒரு நினைப்பு. எறும்பைக் கண்டால் மிதிக்காமல் நகர்ந்து நிற்கிற மனிதருக்கு இப்படி ஒரு நினைப்பு. கத்தியை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தார். கண்ணில் தண்ணீர்.

இதெல்லாம் பைத்தியம் இல்லை, மனசு மாட்டிக்கொள்ளும் ஒரு நோய், எண்ணமே ஓயாமல் சுழலும் நோய் என்று டாக்டரம்மா சொன்னதை உனக்கு அப்போதே சொன்னேன். கெட்ட நினைப்பு எல்லோருக்கும் வந்துபோகும், இவருக்கு வந்தது போக மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான் என்றார். நினைப்பு வேறு, செய்கை வேறு. கெட்டவன் கெட்ட நினைப்பைப் பார்த்துப் பதறமாட்டான், இவர் பதறுகிறார் என்றார். அந்த நோய்க்கு ஒரு பட்டப்பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னார், அப்போதுதான் நோய் வேறு, மனிதர் வேறு என்று தெரியுமாம். சித்தப்பா யோசிக்கவே இல்லை, மாமியார் என்று வைத்துவிட்டார். எதைச் செய்தாலும் நொட்டை சொல்லும், பின்னாலேயே நிற்கும், திருப்தி என்பதே கிடையாது. என் சொந்த மாமியார் என்னை ஒரு சொல் சொன்னவள் இல்லை. மாமியார் கொடுமை எனக்கு இந்த வயதில்தான் வாய்த்தது.

டாக்டரம்மா வீட்டுக்காரர்களுக்குச் சொன்னது ஒன்றே ஒன்று. அவர் வந்து, நான் ஒண்ணும் பண்ணலையே, மாவு சுத்தமாத்தானே இருக்கு என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லாதீர்கள், இல்லை என்றும் சொல்லாதீர்கள், தெரியாது என்று சொல்லுங்கள். ஆறுதல் சொன்னால் அப்போதைக்கு அடங்கும், அடுத்த வேளைக்கு இரண்டு மடங்காக வந்து நிற்கும். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் சாதி. கேட்கச் சுலபமாக இருக்கிறதா? கட்டின புருஷன் சின்னப்பிள்ளை மாதிரி முந்தானையைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு தடவை சொல்லு என்று கெஞ்சுகிறார், நான் கல்லுப்பிள்ளையார் மாதிரி தெரியாது தெரியாது என்று உட்கார்ந்திருக்கிறேன். என்னை ராட்சசி என்றார். இந்த வீட்டில் கெட்ட பெயர் மொத்தத்தையும் நான் வாங்கிக்கொண்டேன், ஏனென்றால் அவர் திரும்பவும் மாவு பிசைய வேண்டும்.

நீ என்ன செய்தாய்? நான் இந்தப் பக்கம் கதவைச் சாத்தினேன், நீ கொல்லைப்பக்கம் திறந்துவிட்டாய். பெட்டி பெட்டியாகக் கையுறையும் கை கழுவும் திரவமும் அனுப்பினாய். வீடியோவில் குழந்தைக்குப் பால் கொடுக்கும் முன் அவர் பார்க்கிற மாதிரி கை கழுவிக் காட்டினாயாமே, அவர் இன்னொரு தடவை என்றால் இன்னொரு தடவை. அதை எனக்குச் சொன்னது நீ இல்லை, மாப்பிள்ளை. அப்புறம் அந்தக் குரல். அப்பா, நீங்க யாருக்கும் எந்தக் கெடுதலும் பண்ண மாட்டீங்க, எனக்கு நல்லாத் தெரியும் என்று நீ பேசி அனுப்பிய அந்தக் குரல். அன்போடுதான் அனுப்பினாய், மறுக்கவில்லை. அதை அவர் மாத்திரை மாதிரி வைத்துக்கொண்டார். மாவைத் தொடும் முன் ஒரு தடவை கேட்பார். போனைத் தொட்ட கை அழுக்கு, அதனால் கழுவுவார். கழுவும்போது சந்தேகம் வரும், திரும்பக் கேட்பார். தெரியும் என்று நீ சொல்லும் இடத்தில் வாசலில் ஒரு வண்டி ஹாரன் அடித்துவிட்டால் போச்சு, முதலிலிருந்து கேட்பார். கல்லாவுக்குப் பின்னால் சுவர் வழியாக நாள் முழுக்க உன் குரல். ரொட்டி வாங்க வந்த ஒரு அம்மா, உங்க பொண்ணு வந்திருக்காளா, சத்தம் கேக்குதே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? நான் பெற்ற பிள்ளையின் குரல், அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்படியும் அவர் தேறினார், அது உனக்குத் தெரியுமா? டாக்டரம்மாவிடம் அந்தக் குரல் விஷயத்தைச் சொல்லி, அதை அழித்துவிட அவரே ஒப்புக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு அழித்தார். கத்திச் சாவியை என்னிடமிருந்து திரும்ப வாங்கினார். அரைகுறையாக எண்ணிவிட்டுத் தட்டை எடுக்கப் பழகினார், ஒரு வாரம் எண்ணாமலே எடுத்தார், அந்தச் சந்தோஷத்தில் சித்தப்பா அடுப்பைக் கும்பிடுகிற மாதிரி நடித்துக் காட்டினார். நீ பேரனைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னதுதான் அவருக்கு மருந்து. ஆனால் பயமும் அங்கேதான். குழந்தையைக் கையில் கொடுத்தால் கீழே போட்டுவிடுவேனோ, இறுக்கிவிடுவேனோ என்று அந்த மாமியார் காதில் ஓதிக்கொண்டே இருந்தாள். பயப்படுகிற விஷயத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் போய்ப் பழக வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதும், அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு துணிப்பையில் பேரன் எடைக்கு மாவு போட்டு, வாயைத் தைத்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டாக்டரம்மாவும் சரி என்றார். நீ ஒவ்வொரு தடவை குழந்தையை டாக்டரிடம் காட்டிவிட்டு எடையைச் சொன்னதும், அவர் பையைப் பிரித்து மாவு சேர்த்துத் திரும்பத் தைப்பார். பேரன் எடை என்று நீ சொன்னது அவருக்கு வெறும் சேதி இல்லை, அவர் அதைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்.

இன்னொன்று சொல்கிறேன் கேள். உன் அப்பா கை தராசுக் கை, அது உனக்கே தெரியும், பிசைந்த மாவைக் கிள்ளிப் போட்டால் உருண்டைக்கு உருண்டை பிசகாது. இந்த நோய் வந்ததும் முதலில் அந்தக் கையைத்தான் நம்பாமல் விட்டார். ஒவ்வொரு உருண்டையையும் தராசில் வைப்பார், எடுப்பார், வைப்பார். அதனால் பைக்கு மாவு போடும்போது தராசு கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கையாலேயே போட்டார். அவர் அந்தப் பக்கம் போனதும் நான் திருட்டுத்தனமாகப் பையைத் தராசில் வைத்துப் பார்த்தேன். நீ சொன்ன எடை அப்படியே இருந்தது. மாவு சேர்க்கும்போதெல்லாம் வைத்துப் பார்த்தேன், எல்லாத் தடவையும் சரியாக இருந்தது. ஓடிப்போய் அவரிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் அதையும் ஆறுதலாகப் பிடித்துக்கொள்வார், பிறகு நாளும் பொழுதும், சரியா இருக்கா, சரியா இருக்கா என்று கேட்டு நிற்பார். வாயில் வெல்லத்தை வைத்துக்கொண்டு விழுங்கவும் துப்பவும் முடியாதவள் மாதிரி சும்மா இருந்தேன். சித்தப்பா அந்தப் பைக்கு ஒரு குழந்தைக் குல்லா வாங்கி மாட்டிவிட்டார். அதைப் பார்த்து அப்பா சிரித்தார் பார், அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு காலமாகிவிட்டது. சட்டையெல்லாம் மாவு, மடியில் குல்லா போட்ட பை, நினைப்பு வந்தா வரட்டும் என்று அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து நீ போன் போட்டாய். குழந்தையைப் பற்றி வருகிற அந்த நினைப்பை அதற்கு முந்தின நாள் அவர் உன்னிடம் சொல்லியிருக்கிறார், மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர். நீ உடனே, நீங்க அப்படியெல்லாம் பண்ணவே மாட்டீங்கப்பா என்று பத்து தடவை சொல்லியிருக்கிறாய். மறுநாள் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாய். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பது இதுதானடி. வாயால் நம்புகிறேன் என்றாய், செய்கையால் நம்பவில்லை என்று காட்டிவிட்டாய். அவர் எதை எடுத்துக்கொள்வார்? என்னிடம் சொன்னார், அவளுக்கே பயம் வந்துடுச்சு பாரு, அப்போ எனக்குள்ள நெஜமாவே என்னமோ இருக்கு. இத்தனை மாதமாக அந்த மாமியார் சொல்லிக்கொண்டிருந்த பொய்க்கு நீ சாட்சிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாய்.

அன்றைக்கு அவர் என்ன செய்தார் தெரியுமா? குல்லாவைக் கழற்றி மடித்து வைத்தார். தையலைப் பிரித்து, அத்தனை மாவையும் குப்பையில் கொட்டினார். கீழே சிந்தின மாவைக்கூட விரலால் ஒற்றி எடுக்கிற மனிதர். நான் தடுக்கப் போனேன், நான் தொட்ட மாவு, யாரும் தொடாதே என்றார். அதற்குப் பிறகு பேக்கரிக்குப் போகவில்லை. டாக்டரம்மாவிடமும் வரமாட்டேன் என்கிறார். நீ அனுப்பிய கையுறையை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், காபி டம்ளரைத் தொடக்கூட அதைக் கழற்றுவதில்லை. சித்தப்பா வந்து வாசலில் நின்று, அண்ணா, எனக்குக் கை பத்தல, வாங்க என்று கூப்பிட்டார். சொந்தப் பொண்ணே தன் குழந்தையை என்கிட்ட விடல, ஊரார் குழந்தைங்க தின்கிற ரொட்டியை நான் எப்படித் தொடறது என்று உள்ளேயிருந்து கேட்டார். சித்தப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார். இதுதான் நீ வாங்கிக் கொடுத்த நிம்மதி.

உனக்குப் பயமாக இருந்தால் பயம் என்று என்னிடம் சொல்லியிருக்கலாம். பெற்றவளுக்குப் பயம் வராதா? எனக்கும் தெரியும். நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு மத்தியானம் முழுக்க வீறிட்டு அழுதாய், என்ன செய்தும் அடங்கவில்லை, இந்தச் சனியனை ஜன்னல் வழியாக வீசினால் என்ன என்று எனக்கு ஒரு நினைப்பு வந்தது. வந்தது, போனது. நான் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு துணி மடிக்கப் போய்விட்டேன். வீசினேனா? இன்றைக்கு உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். உனக்கும் ஒரு தடவையாவது வந்திருக்கும், இல்லை என்று சொல்லாதே. எனக்கும் உனக்கும் வந்துபோவது அவருக்குத் தங்கிவிட்டது, அதற்காக அவரைக் கொலைகாரனைப் பார்ப்பது போலத் தள்ளி நின்று பார்க்கிறாயே. உன்னைக் குளிப்பாட்டியது யார்? என் தண்ணீர் உனக்குச் சூடாக இருக்கும் என்று என்னிடமிருந்து பிடுங்கி அவர்தான் குளிப்பாட்டுவார், மாவு பதம் பார்க்கிற மாதிரி முழங்கையால் தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பார். அந்தக் கையிலா உன் பிள்ளை விழுந்துவிடும்?

போதும், எனக்கும் மூச்சு வாங்குகிறது. டிக்கெட்டைப் போடு. இந்த வருஷம் அடுத்த வருஷம் என்று இழுக்காதே. போட்ட பிறகு அப்பாவிடம் வருகிற தேதியை மட்டும் சொல், பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது என்ற பேச்சே உன் வாயில் வரக்கூடாது. புதிதாகக் குரல் எதுவும் அனுப்பாதே. வந்து இறங்கியதும், அவர் கையுறையோடு மூலையில் ஒதுங்கிப் போவார், நீ கண்டுகொள்ளாதே. கையைக் கழுவிட்டு வாங்க என்று சொல்லாதே, கழுவ ஓடினால் பின்னாலேயே போகாதே. குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டு, நான் குளிச்சிட்டு வரேன்பா என்று சொல்லிவிட்டு உள்ளே போ. நான் எதுவும் பண்ணிட மாட்டேனே என்று கேட்பார், கட்டாயம் கேட்பார். மாட்டீங்கப்பா என்று சொல்ல உனக்கு வாய் துறுதுறுக்கும். தெரியாதுப்பா, பிடிங்க என்று சொல்லிவிட்டுப் போ. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேண்டுமட்டும் அழு. நான் கூடத்தில்தான் இருப்பேன், காய் நறுக்குவேன், அவர் பக்கம் திரும்பவே மாட்டேன். நான் ராட்சசியாகப் பழகிவிட்டேன், நீயும் கொஞ்சம் பழகிக்கொள்.

இதைப் படித்துவிட்டு அம்மா இப்படித் திட்டிவிட்டாளே என்று சாப்பிடாமல் படுத்துவிடாதே, பால் கொடுக்கிறவள். மாப்பிள்ளைக்கு என் மேல் கோபம் வந்தால் என்னிடம் நேராகச் சொல்லச் சொல், உன்னிடம் காட்ட வேண்டாம். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், மனசில் ஒரு முள் இல்லாமல், நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். பேரன் கன்னத்தில் எனக்காக ஒன்று, அப்பாவுக்காக இரண்டு முத்தம் கொடு, உதட்டைத் துடைத்துக்கொள்ளாமல் கொடு.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தீராத உன் அம்மா

ஒன்று விட்டுப்போயிற்று. பேரன் இப்போது என்ன எடை என்று போனில் சொல்லிவிடாதே, அப்பா கேட்டாலும் சொல்லாதே. கொண்டுவந்து கையில் கொடு, தூக்கிப் பார்த்து அவரே சொல்லட்டும். அந்தக் கை ஒரு நாளும் தப்பியதில்லை. இதை அவரிடம் மட்டும் சொல்லிவிடாதே.